தோண்டிப் பார்த்துப் பணம் போட்டவர்
ஜாம்செட்ஜி டாட்டா வாழ்க்கை வரலாறு

விருதுநகர் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. நூறு மூட்டை வாங்க வந்த வியாபாரியும் முதலில் ஒரு கை அள்ளிப் பார்ப்பார். உள்ளங்கையில் பரப்பி நிறம் பார்ப்பார். முகர்ந்து பார்ப்பார். இரண்டு மணியை எடுத்துக் கடித்துப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் விலைப் பேச்சு.

பருப்பையும் மல்லியையும் இப்படிப் பார்த்து வாங்கலாம். பூமிக்கு அடியில் இருக்கும் தங்கத்தையும் இரும்பையும் எப்படிப் பார்த்து வாங்குவது?

சுரங்கம் இன்னும் தோண்டவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஆனால் கம்பெனியின் பங்கு மட்டும் விற்பனைக்கு வந்துவிடுகிறது. ஒன்றுக்குப் பத்தாகும் என்கிறார்கள். வாங்கலாமா, கூடாதா?

இந்தக் கேள்வியோடு 22 ஆண்டுகள் மல்லுக்கட்டிய ஒரு பெரியவர் இந்த நாட்டில் இருந்தார். பங்குச் சூதாட்டத்தில் சொந்தக் குடும்பமே நொடித்துப்போனதை 26 வயதில் கண்ணால் கண்டவர் அவர். இரும்பைத் தேடிப் பணத்தை மண்ணில் கொட்டியவரும் அவரே.

அவர்தான் ஜாம்செட்ஜி டாட்டா.

புரோகிதர் வீட்டுப் பிள்ளை

குஜராத்தில் நவசாரி என்று ஓர் ஊர். அங்கே 1839-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி ஜாம்செட்ஜி பிறந்தார். பார்சி வகுப்பினர். பரம்பரை பரம்பரையாகப் புரோகிதம் செய்துவந்த குடும்பம்.

அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக வியாபாரத்தில் இறங்கியவர் தந்தை நசர்வான்ஜி. அவர் பம்பாய்க்குப் போய்க் கடை வைத்தார். மகனையும் சிறு வயதிலேயே அங்கே வரவழைத்தார். ஜாம்செட்ஜி எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்துத் தேறினார். பிறகு தந்தையின் வியாபாரத்தில் சேர்ந்தார்.

1859-ல் தந்தை அவரைச் சீனத்துக்கு அனுப்பினார். ஹாங்காங்கில் கிளை திறந்தார்கள். அந்த நாளில் பம்பாய் வியாபாரிகள் பலரும் செய்த தொழிலைத்தான் அவர்களும் செய்தார்கள். பருத்தியும் அபினியும் அங்கே போயின. தேயிலையும் பட்டும் இங்கே வந்தன.

பிழைப்பு நன்றாகவே நடந்தது. அப்போதுதான் அந்தப் பருத்திப் பித்து வந்தது.

பருத்தி பொன்னானது

1861-ல் அமெரிக்காவில் வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் போர் மூண்டது. தெற்கே விளைந்த பருத்தி இங்கிலாந்துக்குப் போகவில்லை. லங்காஷயர் ஆலைகள் பஞ்சுக்குத் தவித்தன.

உடனே இந்தியப் பருத்திக்கு வந்தது யோகம். விலை மளமளவென்று ஏறியது. நம் கரிசல் சீமைப் பருத்திக்கும் அப்போது நல்ல கிராக்கி. அன்றைக்கு விருதுபட்டி என்று பெயர் கொண்டிருந்த விருதுநகரைச் சுற்றிலும், சாத்தூர்ப் பக்கமும், திருநெல்வேலிச் சீமை முழுவதும் பருத்தி விளையும் பூமி அல்லவா?

பம்பாயில் பணம் வெள்ளமாகப் புரண்டது. மெத்தை தலையணையில் இருந்த பஞ்சைக்கூட உருவி விற்றார்கள் என்று இன்றும் கதை சொல்வது உண்டு.

வந்த பணத்தை என்ன செய்வது? புதுப்புதுக் கம்பெனிகள் முளைத்தன. பாங்குகள் முளைத்தன. கடலைத் தூர்த்து நிலமாக்கப்போவதாகச் சொல்லி 'பாக்பே' கம்பெனி என்று ஒன்று தோன்றியது. அதன் பங்குக்குக் கட்டிய பணம் 5 ஆயிரம் ரூபாய். அது கைமாறிய விலையோ ஏறக்குறைய 50 ஆயிரம் ரூபாய்!

கடல் இன்னும் கடலாகவே இருந்தது. நிலம் வரவில்லை. காகிதத்துக்குத்தான் விலை ஏறியது.

பிரேம்சந்த் ராய்சந்த் என்ற தரகர் அன்றைய பம்பாயின் முடிசூடா மன்னர். அவர் கை வைத்த பங்கு ஏறும். அவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் பாங்கு கடன் கொடுக்கும். டாட்டா குடும்பமும் அவரோடு கூட்டுச் சேர்ந்தது. லண்டனில் ஓர் இந்திய பாங்கு திறப்பது என்று திட்டம். அதற்காக ஜாம்செட்ஜி 1864 கடைசியில் சீமைக்குக் கப்பல் ஏறினார். அவர் பெட்டியில் பத்திரங்களும் உண்டியல்களும் இருந்தன. காகிதக் கணக்கில் அவர் பெரிய பணக்காரர்.

ஒரே நாளில் உடைந்தது

1865 ஏப்ரலில் அமெரிக்கப் போர் முடிந்தது. பருத்தி விலை விழுந்தது. பங்குகளும் சரிந்தன.

அன்றைக்குப் பம்பாயில் பலர் கையில் காசு இல்லாமலே பங்கு வாங்கி இருந்தார்கள். பின்னால் ஒரு தேதியில் பணம் தருவதாக ஒப்பந்தம். விலை ஏறியதும் விற்று, அந்தப் பணத்திலேயே கடனை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அந்தத் தேதி 1865 ஜூலை 1.

தேதி வந்தது. பணம் இல்லை. ஒருவர் கொடுக்கவில்லை என்றதும் அவரை நம்பிய அடுத்தவரும் கொடுக்க முடியவில்லை. சீட்டுக்கட்டு வீடு போல எல்லாம் சரிந்தது. கோடீசுவரர்கள் கடனாளி ஆனார்கள். பம்பாய் பாங்கே பின்னர் மூடப்பட்டது.

லண்டனில் இருந்த ஜாம்செட்ஜியின் பெட்டியில் இருந்தவை இப்போது வெறும் காகிதங்கள். அவர் ஓடி ஒளியவில்லை. கடன் கொடுத்தவர்களை நேரில் போய்ப் பார்த்தார். உள்ளதை உள்ளபடி சொன்னார். அவருடைய நேர்மையைக் கண்ட கடன்காரர்கள், அவரையே கணக்குத் தீர்க்கும் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். மாதச் சம்பளம் 20 பவுன்.

பம்பாயில் தந்தை நசர்வான்ஜி வீட்டை விற்றுக் கடன் கட்டினார்.

இந்த அடியில் ஜாம்செட்ஜி கற்ற பாடம் ஆயுள் முழுவதும் அவரோடு இருந்தது. தொழிலில் அபாயம் உண்டு என்பது அவருக்குப் புதிது அல்ல. ஆனால் தொழிலே இல்லாத இடத்தில் விலையை மட்டும் நம்பிப் பணம் போடுவது வேறு, தொழிலை நம்பிப் போடுவது வேறு என்பதை அவர் கண்டுகொண்டார். கடன் வாங்கிப் பங்கு வாங்கியவனுக்கு, பங்கு போனாலும் கடன் போவதில்லை என்பதையும் பார்த்தார்.

சதுப்பு நிலத்தில் ஓர் ஆலை

1867-ல் பிரிட்டிஷ் ராணுவம் அபிசீனியா மீது படையெடுத்தது. அந்தப் படைக்குச் சாமான் கொடுக்கும் ஒப்பந்தத்தில் நசர்வான்ஜிக்கு ஒரு பங்கு கிடைத்தது. அதில் வந்த லாபம் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது.

1868-ல் ஜாம்செட்ஜி சொந்தமாக வியாபாரம் தொடங்கினார். மூலதனம் 21 ஆயிரம் ரூபாய். அப்போது அவருக்கு வயது 29.

அடுத்த ஆண்டு, நொடித்துக் கிடந்த ஓர் எண்ணெய் ஆலையை வாங்கினார். அதைப் பஞ்சாலையாக மாற்றினார். இரண்டு ஆண்டு நடத்தி லாபத்துக்கு விற்றார். பிறகு இங்கிலாந்துக்குப் போய் லங்காஷயர் ஆலைகளைச் சுற்றிப் பார்த்தார்.

பெரிய ஆலை ஒன்று கட்ட வேண்டும் என்ற ஆசை வந்தது. எல்லாரும் பம்பாயில்தான் கட்டுவார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. பருத்தி எங்கே விளைகிறது, நிலக்கரி எவ்வளவு தூரத்தில் கிடைக்கிறது, துணியை வாங்குவோர் எங்கே இருக்கிறார்கள், ரயில் எங்கே போகிறது என்று கணக்குப் பார்த்தார். நாகபுரியைத் தேர்ந்தெடுத்தார்.

கிடைத்த இடம் சதுப்பு நிலம். வண்டி வண்டியாக மண் கொட்டி மேடாக்கினார்கள். அந்த ஊரில் ஒரு மார்வாடி லேவாதேவிக்காரர். அவரிடம் பங்கு வாங்கச் சொல்லிக் கேட்டார்கள். தங்கத்தைக் கொண்டுபோய்க் குழியில் கொட்டுகிற ஆளுக்குத் தம்மால் பணம் தர முடியாது என்று அவர் சொல்லிவிட்டாராம்.

1877 ஜனவரி 1-ந் தேதி ஆலை திறக்கப்பட்டது. எம்பிரஸ் ஆலை என்று பெயர். முதலில் தடுமாற்றம்தான். இயந்திரங்கள் சரியாக அமையவில்லை. தொழிலாளர்கள் ஒழுங்காக வேலைக்கு வரவில்லை. ஜாம்செட்ஜி இயந்திரத்தை மாற்றினார். தொழிலாளருக்குச் சேமநிதி வைத்தார், விபத்து நேர்ந்தால் உதவி கிடைக்கச் செய்தார். தீ அணைக்கும் கருவிகளைப் பொருத்தினார். ஆலை செழித்தது. பங்குக்காரர்கள் கை நிறைய லாபம் பெற்றார்கள்.

அந்த மார்வாடி பிறகு மனம் மாறினார். ஜாம்செட்ஜி தங்கத்தைப் புதைக்கவில்லை, மண்ணைப் போட்டுத் தங்கத்தை எடுத்தார் என்று ஒப்புக்கொண்டாராம்.

தோல்விகளும் உண்டு

ஜாம்செட்ஜி தொட்டது எல்லாம் துலங்கியது என்று நினைக்கக்கூடாது.

1886-ல் பம்பாய்க்குப் பக்கத்தில் குர்லாவில் ஒரு பழைய ஆலை ஏலத்துக்கு வந்தது. பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். கட்டிய செலவைப் பார்த்தால் அது கொள்ளை மலிவு. உள்ளே போய்ப் பார்த்தால் இயந்திரங்கள் ஓட்டை உடைசல்! அந்தக் கம்பெனியின் பங்கு விலை பாதாளத்துக்கு இறங்கியது. குடும்பத்துக்காக ஒதுக்கிவைத்த சொத்தைக்கூட எடுத்துப் போட்டு, ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு அந்த ஆலையை நிமிர்த்தினார். மலிவு என்பது வேறு, மதிப்பு என்பது வேறு என்று அவருக்கே அந்த ஆலை காட்டியது.

இன்னொரு முறை, வெள்ளையர் கப்பல் கம்பெனியின் அதிகக் கூலியை எதிர்த்து, ஜப்பானியரோடு சேர்ந்து கப்பல் விட்டார். எதிரிகள் கூலியை அடிமட்டத்துக்கு இறக்கினார்கள். ஜாம்செட்ஜியோடு சேர்ந்திருந்த வியாபாரிகளே விலகிப் போனார்கள். நஷ்டம் ஏறிக்கொண்டே போனது. அவர் கப்பலை நிறுத்திவிட்டார்.

ஆலை சரிப்படும் என்று கண்டபோது அவர் விடாமல் நின்றார். கப்பல் சரிப்படாது என்று கண்டபோது விட்டுவிட்டார். எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்ற இந்தக் கணக்கு, இரும்புத் தேடலில் பெரிதும் தேவைப்பட்டது.

இரும்பு ஆசை

1882. ஜாம்செட்ஜிக்கு 43 வயது. ஒரு நாள் அவர் கையில் ஓர் அறிக்கை கிடைத்தது. ஜெர்மன் நிபுணர் ஒருவர் எழுதியது. மத்திய மாகாணத்தில் சாந்தா மாவட்டத்தில் உயர்ந்த ரக இரும்பு இருக்கிறது என்று அதில் கண்டிருந்தது. பக்கத்தில் வரோராவில் நிலக்கரிச் சுரங்கமும் இருந்தது.

இரும்பும் உண்டு, கரியும் உண்டு. வேறு ஒருவராக இருந்தால் உடனே கம்பெனி ஆரம்பித்துப் பங்கு விற்றிருப்பார். இந்த அறிக்கையைக் காட்டினாலே ஜனங்கள் பணத்தைக் கொட்டியிருப்பார்கள்.

ஜாம்செட்ஜி என்ன செய்தார்? அந்த இரும்புக் கல்லிலும் கரியிலும் மாதிரி எடுத்தார். ஜெர்மனிக்கு அனுப்பிச் சோதிக்கச் சொன்னார். அந்தக் கரி இரும்பு உருக்க உதவாது என்று பதில் வந்தது. அரசாங்கம் சுரங்கத்துக்கு விதித்த நிபந்தனைகளும் கடுமையாக இருந்தன. அவர் திட்டத்தைத் தள்ளி வைத்தார்.

செலவு கொஞ்சம். அது அவருடைய சொந்தப் பணம். பொதுமக்கள் பணம் ஒரு காசுகூட அதில் போகவில்லை.

நீலகிரியில் தங்கப் பித்து

அதே காலத்தில் நம் பக்கத்தில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும்.

நீலகிரி மாவட்டத்தில் பந்தலூர், தேவாலா என்று ஊர்கள் இருக்கின்றன. அங்கே மலையில் பழங்காலத்து மக்கள் தங்கம் எடுத்த அடையாளங்கள் உண்டு. 1879-ல் ஆஸ்திரேலியாவில் இருந்து ஒரு நிபுணர் வந்து பார்த்து, நம்பிக்கையாக அறிக்கை எழுதினார்.

அவ்வளவுதான்! லண்டனில் தங்கக் கம்பெனிகள் புற்றீசல் போலப் புறப்பட்டன. இரண்டு மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 40 கம்பெனிகள். இந்தியத் தங்கத்தின் பேரால் அவை காட்டிய மூலதனம் சுமார் 50 லட்சம் பவுன். சீமையில் உள்ளவர்கள் மலையைக் கண்ணால் பார்க்காமலே பங்கு வாங்கினார்கள்.

அந்தப் பணம் எங்கே போனது? பெரும்பகுதி சுரங்கத்துக்குப் போகவே இல்லை. நொடித்துக் கிடந்த காப்பித் தோட்டங்களை, தங்க பூமி என்று சொல்லி, பல மடங்கு விலைக்குக் கம்பெனி தலையில் கட்டினார்கள். தோட்டத்தை விற்றவர்களும் தரகர்களும் லாபம் பார்த்தார்கள். மிச்சப் பணத்தில் இயந்திரம் வந்தது. பந்தலூரில் ஓட்டல் வந்தது, குதிரைப் பந்தயம்கூட நடந்தது.

கல்லை உடைத்துப் பார்த்தார்கள். அறிக்கையில் சொன்ன தங்கத்தில் ஒரு சிறு பகுதிதான் கிடைத்தது. கூலிக்குக்கூடக் காணாது. சில ஆண்டுகளில் கம்பெனிகள் மூடின. காட்டில் இயந்திரங்கள் துருப்பிடித்தன.

அதே அலையில் கோலாரிலும் கம்பெனிகள் தோன்றின. அங்கேயும் முதலில் பணம் கரைந்தது. ஒரு பவுன் பங்கு சில பென்னிக்கு இறங்கியது. விற்றவர்கள் விற்றார்கள். ஆனால் பழைய குழிகளுக்கும் கீழே தோண்டிக்கொண்டு போனபோது தங்க ரேகை அகப்பட்டது. கோலார் தங்கவயல் 2001-ல் மூடும் வரை நூறு ஆண்டுகளுக்கு மேல் தங்கம் கொடுத்தது. கோலாரில் கூலி வேலைக்குப் போன தமிழர் எத்தனையோ ஆயிரம்.

கோலார்ப் பங்கை வைத்திருந்தவர் பணக்காரர் ஆனார். பந்தலூர்ப் பங்கை வைத்திருந்தவர் ஏமாந்தார். 1880-ல் பங்கு வாங்கிய நேரத்தில் இருவருக்கும் எது கோலார், எது பந்தலூர் என்று தெரியாது. புதுச் சுரங்கப் பங்கின் அபாயம் இதுதான். கோலாரைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேசும். பந்தலூரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

60 வயதில் மீண்டும்

1899-ல் கர்சன் பிரபு சுரங்க விதிகளைத் தளர்த்தினார். ஜாம்செட்ஜிக்கு அப்போது வயது 60. பழைய ஆசை திரும்பி வந்தது.

சீமைக்குப் போய் இந்திய மந்திரியைப் பார்த்தார். பிறகு அமெரிக்காவுக்குப் போனார். இரும்பு ஆலைகள் உள்ள ஊர் ஊராகச் சுற்றினார். ஜூலியன் கென்னடி என்ற பெரிய நிபுணரைக் கண்டார். ஆலை கட்டுவது இருக்கட்டும், இடம் தகுதியா என்று ஆராய்ந்து பார்க்கவே ஏராளமாகச் செலவாகும், கடைசியில் ஒன்றும் கிடைக்காமலும் போகலாம் என்று கென்னடி எச்சரித்தார்.

அந்தச் செலவுக்குத் தாம் தயார் என்றார் ஜாம்செட்ஜி. போனால் போகட்டும் என்று ஒரு தொகையை ஒதுக்கி, தெரிந்துகொள்வதற்காகவே செலவிடுவது என்று தீர்மானித்துவிட்டார்.

கென்னடி சொன்னபடி நியூயார்க்கில் பெரின் என்ற பொறியியல் நிபுணரைப் பார்த்தார். பெரின் ஒப்புக்கொண்டார். பூமிக்குள் இருக்கும் கனிகளை ஆராய்வதில் தேர்ந்த வெல்டு என்பவரை இந்தியாவுக்கு அனுப்பினார்.

1904-ல் கடுங்கோடையில் வெல்டு சாந்தா காட்டில் இறங்கினார். ஜாம்செட்ஜியின் மூத்த மகன் தோராப்ஜியும் கூடப் போனார். தண்ணீர் கிடைக்கவில்லை. புலி நடமாட்டம். கூடாரத்தில் வாசம். காடு மேடு எல்லாம் அலைந்தார்கள்.

வெல்டு சொன்ன முடிவு: இங்கே இரும்பு உண்டு, ஆனால் சிறு சிறு திட்டாகச் சிதறிக் கிடக்கிறது. பெரிய ஆலைக்குப் போதாது.

இரும்பு கிடைத்தால் ஒரு பெரிய வேலை கிடைக்கும் என்ற நிலையிலும் அந்த நிபுணர் இல்லாததை இருப்பதாகச் சொல்லவில்லை. 22 ஆண்டு ஆசைப்பட்ட இடம் என்பதற்காக டாட்டா குடும்பமும் அதைக் கட்டிக்கொண்டு அழவில்லை. சாந்தாவைக் கைவிட்டார்கள்.

1904 மே 19-ந் தேதி ஜெர்மனியில் பாட் நௌஹைம் என்ற ஊரில் ஜாம்செட்ஜி காலமானார். வயது 65. இரும்பு ஆலையை அவர் கண்ணால் பார்க்கவில்லை. அதற்குரிய மலையைக்கூடப் பார்க்கவில்லை.

மகன் கண்ட மலை

சாந்தா வேலையை நிறுத்தப்போவதாகச் சொல்ல தோராப்ஜி நாகபுரிக்குப் போனார். அதிகாரியைப் பார்க்கக் காத்திருந்த நேரத்தில் எதிரே இருந்த பொருட்காட்சிச் சாலைக்குள் நுழைந்தார். அங்கே ஒரு படம். துருக் மாவட்டத்தில் இரும்பு இருப்பதாக அதில் குறித்திருந்தது. அதைத் தயாரித்தவர் பி. என். போஸ் என்ற வங்காளி நிபுணர்.

தோராப்ஜியும் வெல்டும் அங்கே ஓடினார்கள். மலையே இரும்பாக இருந்தது. காலால் மிதித்தால் 'கணீர்' என்றது. ஆனால் ஆலைக்கு வேண்டிய கரியும் தண்ணீரும் பக்கத்தில் இல்லை. அந்த இரும்பு மலையையும் விட்டுவிட்டார்கள்! அந்த மலைகளில் உள்ள இரும்புதான் பின்னாளில் பிலாய் உருக்காலைக்கு உதவியது.

பிறகு அதே போஸ் ஒரிசாப் பக்கம் மயூர்பஞ்ச் சமஸ்தானத்தைப் பற்றி எழுதிய கடிதம் வழி காட்டியது. கோருமகிசானி மலையில் ஏராளமான இரும்பு. ஜரியா நிலக்கரி எட்டும் தூரம். சுவர்ணரேகா, கார்காய் என்று இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் தண்ணீர். கல்கத்தா போகும் ரயில் பாதை பக்கம். எல்லாம் ஒருங்கே அமைந்தன. அங்கே சாக்சி என்ற குக்கிராமம் ஆலைக்கு இடமாயிற்று. இன்று அது ஜாம்ஷெட்பூர்.

ஜனங்கள் தந்த பணம்

இவ்வளவும் முடிந்த பிறகுதான் டாட்டா குடும்பம் பிறரிடம் பணம் கேட்டது. முதலில் லண்டனில் கேட்டார்கள். அங்கே காரியம் கூடவில்லை. 1907 ஆகஸ்டில் இந்தியர்களிடமே கேட்டார்கள். சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்த நேரம்.

பம்பாயில் டாட்டா ஆபீசின் முன்னால் காலை முதல் இரவு வரை கூட்டம். செல்வரும் வந்தார்கள், சாமானியரும் வந்தார்கள். மூன்றே வாரத்தில் 16 லட்சத்து 30 ஆயிரம் பவுன் சேர்ந்துவிட்டது. பணம் போட்டவர்கள் ஏறத்தாழ 8 ஆயிரம் பேர்.

1912 பிப்ரவரியில் முதல் உருக்கு வந்தது.

அத்தோடு அபாயம் தீர்ந்ததா? இல்லை. முதல் உலகப் போருக்குப் பின் வெளிநாட்டு உருக்கு மலிவாக வந்து குவிந்தது. 1924-ல் தொழிலாளர் சம்பளத்துக்கே பணம் இல்லை என்ற நிலை. தோராப்ஜி தம் சொந்தச் சொத்தையும் மனைவியின் நகைகளையும் ஈடு வைத்து ஒரு கோடி ரூபாய் கடன் பெற்றார். கம்பெனி பிழைத்தது.

அந்த ஆண்டுகளில் பங்குக்காரர்கள் பட்ட கவலையைச் சொல்லி முடியாது. பொறுக்க முடிந்தவர்கள் பொறுத்தார்கள். அவசரத்துக்குப் பணம் வேண்டியவர்கள் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு நஷ்டப்பட்டார்கள். இத்தனை சோதனை செய்து, இத்தனை நேர்மையோடு தொடங்கிய கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், சோதனையே செய்யாத கம்பெனியை என்ன சொல்வது?

இன்றும் அதே கேள்வி

இன்றைக்கும் உலகில் புதுப்புதுச் சுரங்கக் கம்பெனிகள் பங்கு விற்கின்றன. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இவை ஏராளம். தங்கம் எடுப்பவை அல்ல, தேடுபவை. தேடும் இடங்களில் மிகப் பெரும்பாலானவை சுரங்கமாக மாறுவதே இல்லை.

1990-களில் 'பிரீ-எக்ஸ்' என்ற கனடாக் கம்பெனி, இந்தோனேசியாவில் போர்னியோ காட்டில் தங்க மலையைக் கண்டதாக அறிவித்தது. பங்கு விலை வானத்தைத் தொட்டது. கம்பெனியின் மதிப்பு 600 கோடி டாலர் வரை போனது. 1997-ல் வெளியார் வந்து மறுபடி தோண்டிப் பார்த்தார்கள். தங்கம் இல்லை! சோதனைக்கு எடுத்த மண்ணில் தங்கப் பொடியைத் தூவி ஏமாற்றி இருந்தார்கள். எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போனது. அதன் பிறகு, தகுதி பெற்ற நிபுணரின் பொறுப்பில்தான் சுரங்க அறிக்கை வெளியிட வேண்டும் என்று கனடாவில் விதி வந்தது.

இப்போது கைப்பேசியிலேயே பங்கு வாங்கலாம். எந்தப் பங்கு ஏறும் என்று முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்புகிறார்கள். பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆபீசிலும் உழைத்துச் சேர்த்த பணம், மகளின் கலியாணத்துக்கு வைத்த பணம், அதில் போய்விடக் கூடாது அல்லவா?

ஜாம்செட்ஜியின் வாழ்க்கையில் இருந்து ஒவ்வொரு குடும்பமும் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விகள் கிடைக்கின்றன.

மண்ணைச் சோதித்தவர் யார்? கம்பெனிக்காரரா, வெளி ஆளா? ஜாம்செட்ஜி தம் கல்லைத் தாமே மெச்சிக்கொள்ளவில்லை, ஜெர்மனிக்கு அனுப்பினார்.

நாம் போடும் பணம் தோண்டப் போகிறதா, பழைய முதலாளியின் பைக்குப் போகிறதா? பந்தலூரில் இதைக் கேட்டவர் தப்பியிருப்பார்.

கனி மட்டும் இருந்தால் போதுமா? எரிபொருள், தண்ணீர், பாதை எல்லாம் உண்டா? துருக் மலையில் இரும்பு இருந்தும் டாட்டாக்கள் திரும்பி வந்தார்கள்.

கம்பெனி நடத்துபவர் தம் பணத்தை எவ்வளவு போட்டிருக்கிறார்? நஷ்டம் வந்தால் அவருக்கும் வலிக்குமா?

கடைசியாக, நம்மைப் பற்றிய கேள்வி. இந்தப் பணம் முழுவதும் போனாலும் வீட்டில் அடுப்பு எரியுமா? பத்து ஆண்டு வரவில்லை என்றாலும் காத்திருக்க முடியுமா? முடியாது என்றால் அந்தப் பங்கு நமக்கு உரியது அல்ல. கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ வாங்குவது கூடவே கூடாது.

சிவகாசியில் பட்டாசு ஆலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். வேலை அறைகளை ஒட்டிக் கட்டமாட்டார்கள். இடைவெளி விட்டுத் தனித்தனியாகக் கட்டுவார்கள். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் பரவக்கூடாது என்று விதி. மருந்து வெடிக்கும் குணம் உடையது என்று தெரிந்தே தொழில் செய்கிறார்கள். பணத்துக்கும் அந்த இடைவெளி வேண்டும். அபாயமான பங்கில் ஒரு சிறு தொகை. மற்றது பாங்கிலும் அஞ்சலகத்திலும் தூரத் தூர இருக்கட்டும்.

ஜாம்செட்ஜி அபாயத்துக்கு அஞ்சி வீட்டில் உட்கார்ந்தவர் அல்லர். அப்படி இருந்திருந்தால் நாகபுரியில் ஆலை வந்திராது, சாக்சியில் உருக்கு வந்திராது. அவர் தம் பணத்தைச் சோதனைக்குக் கொடுத்தார். அந்தச் சோதனையில் தேறிய மலைக்குத்தான், அவர் மறைந்து மூன்று ஆண்டு கழித்து, 8 ஆயிரம் பேர் தங்கள் பணத்தைக் கொடுத்தார்கள்.

1919-ல் அரசாங்கம் சாக்சி கிராமத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது.